‘எங்கள் அம்மா’ என்று எழுதினால் தப்பா?

பேத்தி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் தமிழ் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் போட்டாள். குடும்பத்தைப் பற்றிப் பத்து வரி. முதல் வரியே இதுதான்: “எங்கள் அம்மா காலையில் சீக்கிரம் எழுந்து விடுவார்.” அந்த ‘எங்கள்’ மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. மேலே ‘எனது’ என்று திருத்தம். அரை மதிப்பெண் போச்சு.

“தாத்தா, நான் ஒத்தப் பிள்ளைதானாம். அதனால ‘எங்கள்’னு போடக் கூடாதாம். ‘எனது அம்மா’ன்னு பத்துத் தடவ எழுதிட்டு வரணுமாம்.”

நண்பர்களே, எனக்குக் கோபம் வந்தது. எந்தப் பள்ளி, எந்த டீச்சர் என்று சொல்ல மாட்டேன். இது ஒரு பள்ளியின் தப்பு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே சிவப்பு மையை வைத்துக்கொண்டு இதே காரியத்தைச் செய்தவன்தான். அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கிறது.

முதலில் இலக்கணத்துக்கே வருவோம். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவன். புலவர் பட்டமெல்லாம் கிடையாது. ஆனால் நன்னூல் படித்திருக்கிறேன். ஆறாம் வேற்றுமையில் ‘அது’ என்ற உருபு அஃறிணை ஒருமைப் பொருளுக்கு உரியது. எனது கை, எனது வீடு. பொருள் பலவானால் ‘அ’ என்ற உருபு: என கைகள். உடைமையாக வருவது உயர்திணை என்றால் இந்த இரண்டுமே பொருந்தா. ‘என் மகன்’ என்றோ ‘என்னுடைய மகன்’ என்றோதான் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் ‘எனது அம்மா’தான் பழைய இலக்கணப்படி வழு!

இன்றைக்கு எல்லோரும் ‘எனது தந்தை’ என்று எழுதுகிறார்கள். எழுதட்டும், மொழி நடக்கிற வழியில் நடக்கும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இலக்கணத்தின் பெயரைச் சொல்லிப் பிள்ளையின் சரியான சொல்லை அடித்துவிட்டு, அதே இலக்கணம் ஒப்பாத சொல்லைப் பத்துத் தடவை எழுது என்றால் எப்படி?

ஒத்தப் பிள்ளை ‘எங்கள் அம்மா’ என்று சொல்லலாமா? நம்ம ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? ‘எங்க அம்மா’, ‘எங்க ஐயா’, ‘எங்க ஆச்சி’. கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்று கணக்குப் பார்த்தா சொல்கிறோம்? அம்மா எனக்கு மட்டும் சொத்து இல்லை, வீட்டுக்கே உரியவள் என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இன்னொன்று, ‘எங்க’ வேறு, ‘நம்ம’ வேறு. கேட்கிறவரை வெளியே நிறுத்தினால் ‘எங்க’. அவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் ‘நம்ம’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘அவர்’ என்ற ஒரே சொல்தான். இடையன்குடியில் தங்கி வேலை செய்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் நாம், நாங்கள் என்ற இந்த இரட்டைத் தன்மைப் பன்மையைப் பற்றி எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து வந்த மனிதருக்கு அது அதிசயமாகத் தெரிந்தது. நமக்கோ அது சிவப்பு மையால் அடிக்க வேண்டிய பிழையாகத் தெரிகிறது.

புதுமருமகள் மாமியாரிடம் ‘எங்க வீட்ல’ என்றால் பிறந்த வீடு. என்றைக்கு அவள் வாயில் ‘நம்ம வீட்ல’ என்று வருகிறதோ, அன்றைக்குத்தான் மாமியாருக்கு நிம்மதி. முன்பின் தெரியாதவரிடம் ‘உங்களுக்கு எந்த ஊர்’ என்று கேட்காமல் ‘நமக்கு எந்த ஊரு?’ என்று கேட்கிற மரியாதையும் நம்மிடம் உண்டு. எந்த அட்டவணையில் இதைப் போடுவீர்கள்?

என்னோடு வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர் 1980களில் நைஜீரியாவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போய்வந்தவர். அந்நாட்டின் வடபகுதியில் பேசும் மொழி ஹௌசா. அதில் எல்லாப் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. வீடு, கிடா, அது ஆண்பால், ஆகவே ‘என் வீடு’ என்பதற்குக் கிடானா. கார், மோட்டா, அது பெண்பால், ஆகவே மோட்டாட்டா. ‘என்னுது’ என்று தனியாகச் சொன்னாலும் ஆண்பால் பொருளுக்கு நாவா, பெண்பால் பொருளுக்கு டாவா. அண்ணாச்சி இதைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து பார்த்தாராம், நிற்கவில்லை. சந்தையில் பேரம் பேசும்போது தப்பாகச் சொல்ல, கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்துச் சரியாகச் சொல்லிக் கொடுத்தாராம். மறுநாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி அந்தம்மாவைச் சிரிக்க வைத்தாராம். “அன்னைக்குத்தாம்வே எனக்கு அந்தப் பாஷை வந்துச்சு” என்பார்.

உடைமைப்பொருளைப் பார்த்து உருபு மாறுவது ஹௌசாவிலும் உண்டு, நம் ‘எனது’, ‘என’விலும் உண்டு என்று எனக்கு உறைத்ததே அவர் சொல்லித்தான். ஒரு மொழியை வைத்து விளையாடத் தெரிந்த பிறகுதான் அது நம்முடையது ஆகிறது.

அதற்குப் பிறகு நான் அட்டவணையை எழுத வைப்பதை விட்டேன். ஆற்றங்கரைக் கிராமப் பள்ளியில் இருந்தபோது, தாமிரபரணியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துவந்து மேசைமேல் வைப்பேன். என், எங்க, நம்ம மூன்றும் வருகிற மாதிரி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: “என் தட்டுல உள்ள சோறு எங்க வயல்ல வெளஞ்சது, தண்ணி நம்ம ஆத்துத் தண்ணி.” பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான்: “சார், என் பேச்சக் கேக்காம எங்க ஆடு நம்ம தோட்டத்துல மேஞ்சிட்டு.” தோட்டம் யாருடையது என்று விசாரித்தால், என்னுடையது! அடிக்க வந்த கையும் சிரித்துவிடும். வேற்றுமை உருபு அவனுக்குத் தெரியாது என்று எவன் சொல்வான்?

“தேர்வில் எழுத்துத் தமிழ்தானே கேட்பார்கள்?” என்று கேட்பீர்கள். கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ‘எங்க’ என்று பேசுகிற பிள்ளையை ‘எங்கள்’ என்று எழுத வைக்க ஓர் எழுத்து போதும். என் பேத்தி அந்த ஓர் எழுத்தையும் தானாகவே சேர்த்து எழுதியிருந்தாள். அதற்குத்தான் அரை மதிப்பெண் தண்டனை.

வேலையில் இருக்கிற இளம் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை எழுதியதை அடிக்கும் முன், “ஏன் இப்படி எழுதினாய்?” என்று ஒரு தடவை கேளுங்கள். பாதி நேரம் அவர்களிடம் சரியான காரணம் இருக்கும்.

பேத்தி பத்துத் தடவை எழுதிவிட்டாள். டீச்சர் சொல்லை மீறச் சொல்லி நான் பழக்க மாட்டேன். எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்: “தாத்தா, எங்க டீச்சர்னு சொல்லலாமா, எனது டீச்சர்னுதான் சொல்லணுமா?”

“நம்ம டீச்சர்னு சொல்லு தாயி” என்றேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.