பணம் போய்ச் சேருகிறது, சோறு சேருகிறதா?

முனிர்காவிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியிருந்து மத்திய சர்க்கார் அலுவலகங்களில் பணிபுரியும் தமிழர்களுக்கு 2025 ஜூலையில் வந்த செய்தி ஒன்று ஆறுதல் அளித்திருக்கும். வயதான பெற்றோரைக் கவனிக்க ஊழியர்கள் ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு எடுக்கலாம் என்று மத்திய இணையமைச்சர் ஜிதேந்திர சிங் மாநிலங்களவையில் தெரிவித்தார்.

ஆனால் இது புதிய சலுகை அல்ல. 1972-ஆம் ஆண்டு விதிகளின்படி ஏற்கெனவே உள்ள விடுப்பைச் சொந்தக் காரியங்களுக்கு எடுக்கலாம். பெற்றோர் பராமரிப்பும் அதில் அடங்கும் என்பதே அமைச்சரின் விளக்கம். குழந்தை வளர்ப்புக்காகப் பெண் ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாள் தனி விடுப்பு உண்டு. மறதி நோய் கண்ட தாயைக் கவனிக்க அப்படியொரு விடுப்பு கிடையாது.

2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கிறது. பெண்களிடமும் கிராமங்களிலும் அதிகம். பிள்ளைகளை வடக்கே அனுப்பிவிட்டு ஊரில் தனியே இருக்கும் தாய்மார்களை இந்தக் கணக்கு நினைவூட்டுகிறது.

இந்நோயில் முதலில் கெடுபவற்றுள் ஒன்று சாப்பாடு. சாப்பிட்டோமா என்பதே நினைவிராது. அடுப்பை மூட்டியது மறக்கும். ஊசிப்போன குழம்பு எது என்று தெரியாது. சர்க்கரை வியாதி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரவு டெலிபோனில் "சாப்பிட்டாச்சா?" என்று மகன் கேட்கிறார். "ஆச்சு" என்று பதில் வருகிறது. அது பொய்யல்ல, நோய் சொல்லும் பதில். கேள்வி கேட்பதைவிட, சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "தட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொல்லி, சாப்பிட்டு முடியும்வரை பேசிக்கொண்டிருப்பது பலன் தரும். அக்கம்பக்கத்தில் ஒருவரிடமோ மெஸ்ஸிலோ மாதக் கணக்கு வைத்து, வேளைக்கு வேளை கேரியர் வரச் செய்யலாம். கொண்டுவருபவர் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவது அவசியம். மூடிய பாத்திரம் மூடியபடியே இருந்துவிடும். பிசைந்த சாதமும் மோரும் எளிது. மாதம் ஒருமுறை எடை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன் டாக்டரிடம் காட்ட வேண்டும். தைராய்டு கோளாறாலும் பி-12 சத்துக் குறைவாலும் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு.

இவை குடும்பம் செய்யக்கூடியவை. சர்க்காரின் பங்கு என்ன? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவையும் சேர்த்திருக்கிறது. ஆனால் தீர்ப்பாயம் உத்தரவிடுவது மாதத் தொகையைத்தான். உச்சவரம்பு 10,000 ரூபாய். பணம் அனுப்பாத பிள்ளையைச் சட்டம் கேட்கும். பணம் வந்தும் தாய் பட்டினி கிடந்தால் கேட்பார் இல்லை. 14567 என்ற முதியோர் உதவி எண் இலவசம். யோசனை சொல்வார்கள், ஆனால் அது தினசரி சோறாகிவிடாது.

பள்ளிப் பிள்ளைக்குச் சோறிட்ட மாநிலம் தமிழகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. மாத்திரை போகும் வாசலுக்குச் சோறு போக முடியாதா? மாத்திரை கொடுக்க வரும் ஊழியர் அடுப்படியையும் ஒரு பார்வை பார்த்து, எடையைக் குறித்துக்கொண்டால் அதுவே நல்ல தொடக்கமாகும்.

டில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். விடுப்பு எடுத்து ஓடுவது 30 நாளுக்குத்தான் உதவும். மீதி 335 நாளும் அந்த முதியவளுக்கு வேளாவேளைக்குப் பசிக்கும். அதற்கு ஏற்பாடு செய்வதே உண்மையான சலுகை.