குடத்தில் விழாத ஓலை

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் விநாடி வினாப் போட்டி ஒன்று நடந்தது. நடத்தியவன் அடியேன்தான். சரித்திரம், புராணம், சங்கீதம், சினிமா என்று நான்கு விஷயங்களிலும் கேள்விகள் எழுதி, சீட்டுகளாகச் சுருட்டி, ஒரு பித்தளைச் சொம்பில் போட்டு வைத்தேன். சீட்டு எடுப்பதற்கு ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக் கொண்டேன். பெரிய பையன்களில் யாரையாவது எடுக்கச் சொன்னால், "பார்த்து எடுக்கிறான், ஸார்!" என்று எதிர்க்கட்சி கூச்சல் போடும் அல்லவா?

சினிமாக் கேள்விகள் ஒரு நொடியில் தீர்ந்தன. சரித்திரமும் இப்போது அவ்வளவு மோசமில்லை. 1950-ல் 'கல்கி'யில் தொடர்கதையாக ஆரம்பித்த 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்த பிறகு, சோழர் குடும்பத்துச் சண்டை சச்சரவுகளெல்லாம் தாமல் பையன்களுக்குத் தங்கள் சித்தப்பா வீட்டு விவகாரம் போல அத்துப்படியாகிவிட்டன. இந்த நிலையில் குழந்தை எடுத்துக் கொடுத்த சீட்டில், "சோழர் காலத்தில் கிராம மக்கள் எந்த முறையில் வோட்டுப் போட்டார்கள்?" என்ற கேள்வி இருந்தது. 'குடவோலை முறை' என்பது நான் எழுதி வைத்திருந்த விடை. சந்தேகத்துக்கு இடமே இல்லாத கேள்வி என்று நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அவர்கள் வோட்டே போடவில்லை, ஸார்" என்றான்.

கூடம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவன் கட்சிக்குப் பூஜ்யம் போட்டேன். ஒரே ஒரு மார்க் வித்தியாசத்தில் அந்தக் கட்சி தோற்றது.

எல்லாரும் கலைந்த பிறகு பையன் என்னிடம் வந்தான். உத்திரமேரூரில் அவனுடைய பாட்டி வீடு இருக்கிறதாம். அங்கே கோயிலில் யாரோ ஒருவர் வந்தவர்களுக்குக் கல்வெட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டானாம். "ஒரு சின்னப் பையன் குடத்துக்குள் கையை விட்டு ஓலையை எடுத்தானாம். அது எப்படி, ஸார், வோட்டு ஆகும்?" என்று கேட்டான். "அதெல்லாம் வோட்டுதான், போ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. மேஜையின் மேலிருந்த பித்தளைச் சொம்பு வேறு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் பஸ் மாறி, பாலாற்றையும் செய்யாற்றையும் தாண்டி, உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் பெரிய கோயில் அல்ல. கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஆனால் அங்கே சுவரே ஒரு புஸ்தகம். முதற் பராந்தக சோழனுடைய 12-ம் ஆட்சியாண்டிலும் 14-ம் ஆட்சியாண்டிலும், அதாவது 919-லும் 921-லும், அந்த ஊர்ச் சபையார் செய்துகொண்ட இரண்டு ஏற்பாடுகள் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு தடவையும் அரசனுடைய ஆணையோடு வந்த அதிகாரி ஒருவர் கூட இருந்திருக்கிறார்.

இரண்டே வருஷத்தில் ஏன் இரண்டாவது ஏற்பாடு? முதல் ஏற்பாடு போதவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். முதலில் முப்பது வயதுக்கு மேல் அறுபது வயதுக்குள் என்றிருந்தது, பிறகு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறிற்று. துஷ்டர்கள் ஒழிந்து நல்லவர்கள் தழைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் திருத்தம் என்று கல்வெட்டே காரணம் சொல்லுகிறது. அந்த இரண்டு வருஷத்தில் ஊரில் என்னென்ன நடந்திருக்கும் என்பதை, இன்று பஞ்சாயத்துத் தேர்தல் நடக்கும் எந்த ஊர்க்காரரும் சிரமமில்லாமல் ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, முறை என்ன? ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ள எல்லாருடைய பெயரையும் தனித் தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையை மேலே வைத்துக் கட்டி, கட்டுகளைக் குடத்தில் இடுவார்கள். குழந்தைகள் முதல் கிழவர்கள் வரையில் மகாசபை கூடியிருக்கும். ஊரில் இருக்கும் நம்பிமார் ஒருவர் தப்பாமல் வந்திருக்க வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, அதை வேறொரு குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனையே எடுக்கச் சொல்லுவார்கள். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை நீட்டி அந்த ஓலையை வாங்க வேண்டும். கையை மூடி வாங்கினால் உள்ளே வேறு ஓலை இருந்தாலும் இருக்கும் அல்லவா? அவர் வாசித்த பிறகு நம்பிமார் அத்தனை பேரும் அதை வாசிப்பார்கள். அப்புறம்தான் பெயர் ஏறும்.

பையன் சொன்னது சரிதான். யாரும் யாருக்கும் வோட்டுப் போடவில்லை. அது திருவுளச் சீட்டு. 1948 நவம்பர் 22-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்து ஷரத்து விவாதத்துக்கு வந்தபோது, ஆந்திர கேசரி பிரகாசம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார். அவர் பேச்சிலும் குடம் வோட்டுப் பெட்டியாகத்தான் வந்தது. அவ்வளவு பெரியவரே அப்படிச் சொல்லியிருக்கும்போது நான் எம்மாத்திரம் என்று சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை.

திருவுளச் சீட்டு என்றால் மட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். பண்டைய ஏதென்ஸ் நகரத்தில் ஐந்நூறு பேர் கொண்ட ஆலோசனைச் சபையைச் சீட்டெடுத்துத்தான் அமைத்தார்கள். வெனிஸ் குடியரசின் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268-ல் ஏற்பட்ட முறையிலும், வெளியிலிருந்து ஒரு சிறுவனை அழைத்து வந்துதான் பந்துகளை எடுக்கச் சொன்னார்கள். உத்திரமேரூர்ப் பாலகன் அவனுக்கு 347 வருஷம் மூத்தவன்! பணக்காரனுக்கும் பேச்சுக்காரனுக்கும் கோஷ்டிக்காரனுக்கும் குழந்தையின் கையில் செல்வாக்கு இல்லை என்பது எல்லா ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் நான் சுவருக்கு முன்னால் வெகு நேரம் நின்றது குடத்துக்காக அல்ல, குடத்தில் விழக்கூடாத ஓலைகளுக்காக. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவன் பெயர் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தகப்பனோடு பிறந்தவன், தாயோடு பிறந்தவன், கூடப் பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் புருஷன், அவள் பிள்ளைகள், மாப்பிள்ளை, தகப்பன், மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை போல ஜாபிதா நீண்டுகொண்டே போகிறது. தான் நிற்க முடியாவிட்டால் மைத்துனனை நிறுத்துவது என்ற தந்திரம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல என்று தெரிகிறது. கழுதை மேல் ஏற்றப்பட்டவனுக்கும் இடமில்லை, கூடலேகை, அதாவது கள்ளப் பத்திரம், எழுதியவனுக்கும் இடமில்லை. முந்தின மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவன் நல்லவனாகவே இருந்தாலும் ஒதுங்கி நிற்க வேண்டும். கணக்கு எழுதுகிறவனும் தன் கணக்கை ஒப்புவித்துச் சுத்தன் என்று பெயர் வாங்கிய பிறகுதான் மறுபடி அந்த வேலைக்கு வரலாம்.

இப்படித் தேறிய முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், பாக்கி ஆறு பேர் ஏரி வாரியம். வயதிலும் வித்தையிலும் மூத்தவர்களும், தோட்டத்தையும் ஏரியையும் முன்பே பார்த்தவர்களும் சம்வத்சர வாரியத்துக்குப் போவார்கள். ஏரி பார்த்தவனுக்குத்தான் ஊர் பார்க்கும் யோக்கியதை என்று வைத்திருக்கிறார்கள். உத்திரமேரூர் ஏரிக்குப் பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என்று பெயர். அதில் வண்டல் எடுப்பதற்கென்றே தர்மம் எழுதி வைத்தவர்கள் உண்டு. மதகு, கலங்கல், கரை, வண்டல் என்ற நாலு வார்த்தையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த தாமல் ஏரிக்கரைக்காரனுக்கு இதைப் படிக்கும்போது மயிர்க்கூச்செறியாமல் என்ன செய்யும்?

திங்கட்கிழமை பையனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மிகவும் உற்சாகமாகத்தான் சொன்னேன். முடிவு வரையில் கேட்டுவிட்டு, "குடத்தில் பெயர் விழுவதற்கு என்ன வேண்டும், ஸார்?" என்றான்.

வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், கூடவே ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் நன்றாக வல்லவனானால் அரைக்கால் வேலி போதும் என்றேன். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதி மங்கலம் என்பதையும் சொன்னேன்.

"அப்படியானால் அந்த வண்டலை வாரினவன் பெயர்?"

"விழாது."

"எங்கள் அம்மா பெயர்?"

அவன் தாயார் அறுவடைக் கூலிக்குப் போகிறவர். போன தேர்தலில் நின்று ஜயித்து வார்டு மெம்பராக இருக்கிறார். 1993-ல் அமுலுக்கு வந்த 73-வது திருத்தம் ஸ்திரீகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தது, தமிழ்நாட்டில் 2016-ல் அது சரிபாதியாயிற்று. குடத்தில் அந்த அம்மாளின் ஓலை விழுந்திருக்காது என்றேன். பையன் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்துவிட்டு, "ஆனால் கணக்குக் காட்டாதவன் மைத்துனன்கூட நிற்கக் கூடாது என்பது நன்றாக இருக்கிறது, ஸார். அம்மாவிடம் சொல்லுகிறேன்" என்றான்.

மறுநாள் காலைப் பிரார்த்தனையில், கேள்வி தப்பு, விடையும் தப்பு, சிரித்ததும் தப்பு என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, அந்த மார்க்கைக் கொடுத்தேன். இரண்டு கட்சியும் சமமாகிவிட்டன. வெற்றியை நிர்ணயிக்கத் திருவுளச் சீட்டுப் போடலாம் என்று பித்தளைச் சொம்பை எடுத்து வரச் சொன்னேன்.

"சொம்பு வேண்டாம், ஸார். கேள்வி கேளுங்கள்" என்றான் பையன்.

"ஏரி வாரியத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டேன். இரண்டு கட்சியிலும் ஒரே சமயத்தில் கைகள் எழுந்தன.