பாட்டிலுக்குப் பத்து ரூபாய்!

பதநீர் குடித்திருக்கிறீர்களா சார்? டம்ளரில் இல்லை, பட்டையில். பனை ஓலையை மடித்து, முனையைக் கட்டி, தொன்னை மாதிரி கையில் கொடுப்பார்கள். அண்ணாந்தால் பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு! குடித்து முடித்து ஓலையை வீசினால் மண்ணோடு மண்.

மரத்து மேலே தொங்குகிற கலயம் இன்னும் கெட்டிக்காரச் சமாசாரம். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள். ஒரே மரம், ஒரே கலயம், ஒரு கை சுண்ணாம்பில் ஜாதகமே மாறுகிறது! இதையே வெள்ளைக்காரன் கண்டுபிடித்திருந்தால் 'கோட்டிங் டெக்னாலஜி' என்று பேடன்ட் வாங்கி நம்மிடமே விற்றிருப்பான்.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஓலையும் மண்ணும் ஒதுங்கின. கண்ணாடி ஜெயித்தது.

கண்ணாடி கெட்டதில்லை. கழுவி மறுபடி நிரப்பலாம், உருக்கி மறுபடி வார்க்கலாம், முழுசாகத் திரும்பி வந்தால். நம்ம குவார்ட்டர் எங்கே திரும்புகிறது? வைகை மணலில், கண்மாய்க் கரையில், வாய்க்கால் மதகில் கிடக்கிறது. அதுவும் சில்லு சில்லாக. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நாற்று நட வருகிறவர்கள் செருப்போடா வயலில் இறங்குவார்கள்? சேற்றுக்குள் கிடக்கிற சில்லு கண்ணுக்குத் தெரியாது. கால்தான் கண்டுபிடிக்கும். அன்றைய கூலி போச்சு. ஊசி, கட்டு, பஸ் செலவு தனி. ராத்திரி வரப்பில் உட்கார்ந்து 'சியர்ஸ்' சொன்ன ஆசாமி அப்போது ஆபீஸில் பைல் புரட்டிக் கொண்டிருப்பார்.

வைகை கடலில் சேருகிற அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. ரெண்டாயிரம் வருஷம் கழித்து நம்ம வைகையைத் தோண்டப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். 'இம்மக்கள் 180 மி.லி. கொண்ட தெய்வத்தைக் கரையோரம் வழிபட்டனர்' என்று எழுதிவிடுவார்!

மலைப்பக்கம் உடைந்த பாட்டில் யானைக் காலைப் பதம் பார்க்க, விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. (மனுஷன் கால் இத்தனை வருஷமாகக் கிழிந்து கொண்டுதான் இருக்கிறது. யானைக்கு இருக்கிற மவுசே தனி!) 2022 மே மாதம் நீலகிரியில் திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் வாபஸ். பெரும்பகுதி பாட்டில்கள் திரும்பி வந்தன. அப்புறம் ஒவ்வொரு மாவட்டமாக மலை இறங்கியது.

2023-ல் இன்னொரு யோசனை: 90 மி.லி. டெட்ரா பாக்கெட். குவார்ட்டர் வாங்கிவிட்டு 'கட்டிங்' போட ஜோடி தேடி நிற்கிறவர்கள் அதிகமாம்! கர்நாடகத்தில் ஏற்கெனவே இருக்கிற சரக்குதான். உடையாது, குத்தாது, வாஸ்தவம். ஆனால் காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றையும் ஒட்டி வைத்த டப்பாவைப் பிரித்தெடுக்க நம்ம ஊர்ப் பழைய பேப்பர்க்காரரால் ஆகாது. பார்க்க ஜூஸ் மாதிரி வேறு. பையன் ஸ்கூல் பையில் இருந்தால் அப்பாவுக்குத் தெரியுமா? 2025 நவம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் இதைத்தான் கேட்டார்கள்.

என் ஓட்டு பத்து ரூபாய்க்குத்தான். கடை ஊழியர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. சரக்கு வைக்கவே இடமில்லாத கடையில் காலி பாட்டிலை எங்கே அடுக்குவது? எண்ணுவது யார்? அதற்குத் தனி ஆளும் இடமும் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் அந்த ஸ்டிக்கரின் சூட்சுமத்தைப் பாருங்கள். குடித்தவர் மப்பில் விட்டுவிட்டுப் போனாலும், விடியற்காலையில் கோணிப்பையோடு வருகிறவருக்கு அது பத்து ரூபாய். பத்து கிடைத்தால் நூறு. உடைந்ததற்குச் சல்லிக்காசு கிடையாது என்பதால் பூப்போல எடுத்துப் போவார். நாற்று நடுகிறவர்கள் வயலுக்கு வருவது அதற்கப்புறம்தான்.