ரஜ்ஜு தட்டுது, ஆனா யாரைத் தட்டி விட்டதுன்னு சொல்லல

பொழப்புன்னு பார்த்தா நான் பொட்டி தட்டுறவன். சென்னையில ஒரு கம்பெனியில ரூல்ஸ் என்ஜின் பக்கம் வேலை. கடன் கேட்டு வர்றவரோட வயசு, சம்பளம், ஊர் எல்லாத்தையும் ஒரு பக்கம் கொட்டுவோம். "இப்படி இருந்தா, இதைச் செய்"னு விதிகளை இன்னொரு பக்கம் எழுதி வைப்போம். நடுவுல என்ஜின் உக்காந்து, இவருக்கு எந்தத் திட்டம் பொருந்தும்னு சொல்லும். ஊர்ல போய் இதைச் சொன்னா, எங்க பெரியப்பா ஒரே வரியில முடிச்சிட்டார். "அட, நம்ம ஜோசியர் பார்க்குற வேலைடா அது." :-)

சிரிச்சிட்டுத்தான் விட்டேன். அப்புறம் யோசிச்சா மனுஷன் சொன்னதுல தப்பே இல்ல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க ஊர் ஆத்தூர். சேலம் ஆத்தூர் இல்லீங்க, திண்டுக்கல் ஆத்தூர், காமராஜர் அணை இருக்கே, அது. பூட்டுக்குச் சாவி பொருத்தியே பேர் வாங்குன ஜில்லா (திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கூட கிடைச்சது). பெரியப்பா மகளுக்கு, அதாவது எங்க அக்காவுக்கு, ரெண்டு வருஷம் முன்னாடி வரன் பார்க்க ஆரம்பிச்சாங்க. கல்யாணத் தளத்துல பதிஞ்சு கொடுத்தது சாட்சாத் நான்தான். திண்ணையில பக்கத்துல உக்காந்துகிட்டு பெரியப்பா சொல்லச் சொல்ல டிக் அடிச்சேன். உயரம், சம்பளம், படிப்பு, ஜாதி (இந்தக் கட்டத்தைப் பத்தி தனியா ஒரு பதிவே போடணும், இன்னிக்கு வேணாம்), கடைசியா "ஜாதகம் பொருந்தும் வரன்கள் மட்டும்". அதையும் அடிச்சேன். சொந்த செலவுல சூன்யம்னு அப்போ தெரியல.

இந்த ரூல்ஸ் என்ஜின் ஒண்ணும் நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல சார்லஸ் ஃபோர்ஜிங்கிறவர் ரீட்டேன்னு ஒரு அல்காரிதம் கண்டுபிடிச்சார், 1982-ல அதைப் பத்தின பெரிய கட்டுரை வந்தது. லத்தீன்ல ரீட்டேன்னா வலை. ஆயிரம் விதி இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் முதல்ல இருந்து சரிபார்க்காம, ஏற்கெனவே பாதி பொருந்துனதை ஞாபகம் வச்சுக்கிட்டு மிச்சத்தை மட்டும் பார்க்கும். நாங்க புழங்குற ட்ரூல்ஸ் 2001-ல பாப் மெக்விர்ட்டர் ஆரம்பிச்சது, இதுவும் அந்த வம்சம்தான்.

சரி, பத்துப் பொருத்தத்துக்கு வருவோம். தினம், கணம், மாகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. இதுல பாதி மார்க் போடுற ரகம், "பத்துக்கு ஏழு இருக்கு, செய்யலாம்"பாங்க. ஆனா ரஜ்ஜு அப்படி இல்ல. அது தட்டுச்சுன்னா மத்த ஒன்பதும் இருந்தும் வேஸ்ட். எங்க பாஷையில சொன்னா ஒண்ணு ஸ்கோர், இன்னொண்ணு நாக்கவுட்.

எனக்கு இதுல நம்பிக்கை இருக்கான்னு கேட்டா அது வேற பஞ்சாயத்து. ஆனா விதின்னு பார்த்தா ஆசையா இருந்துச்சு. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை வெட்டி இல்லாம 27 நட்சத்திரத்தையும் ட்ரூல்ஸ்ல ஏத்திட்டேன்.

ரஜ்ஜு எப்படின்னா, அசுவினியில பாதத்துல ஆரம்பிச்சு தொடை, உதரம், கண்டம்னு ஏறி மிருகசீரிடத்துல சிரசைத் தொடும். அப்புறம் அதே வழியில இறங்கி ஆயில்யத்துல பாதத்துக்கு வரும். மகத்துல மறுபடி ஏறும். இப்படி மூணு சுத்து. சிரசுல 3 நட்சத்திரம், மத்த நாலுலயும் ஆறாறு. ஆணும் பெண்ணும் ஒரே கூறுல இருந்தா தட்டுது. 27-ஐ 27-ஆல பெருக்கினா 729 ஜோடி, அதுல 9-ம் 144-ம் சேர்த்து 153 ஜோடி காலி. அஞ்சுல ஒண்ணுக்கும் மேல! ஒரே ஒரு விதி, ஒரே ஒரு டிக்.

இதைவிட பெரிய தமாஷ் வேதை. அசுவினிக்கு கேட்டை ஆகாது, பரணிக்கு அனுஷம் ஆகாது, சுவாதிக்கு ரோகிணி ஆகாதுன்னு ஒரு பட்டியல். அதை ஓட்டிப் பார்த்தா ஒரு தடவை கூட புதுசா எதையும் தடுக்கல. என் கோட்லதான் தப்புன்னு ஒரு மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டேன். தப்பே இல்ல. வேதைப் பட்டியல்ல இருக்குற ஒவ்வொரு ஜோடியும் ஏற்கெனவே ஒரே ரஜ்ஜு! ஆபீஸா இருந்தா, "செத்த விதி, தூக்கிடு"ன்னு ரிவ்யூவுல எழுதியிருப்பேன்.

ஊருக்குப் போனப்ப ஜோசியர்கிட்டயே கேட்டேன். பெரியவர் சிரிச்சார். "தம்பி, ஏறுமுகம் இறங்குமுகம் பார்த்தீங்களா?"ன்னார். பார்க்கல. ஒரே ரஜ்ஜுவா இருந்தாலும், ஒண்ணு ஆரோகணம் இன்னொண்ணு அவரோகணம்னா செய்யலாம்னு ஒரு விதிவிலக்கு உண்டாம். எல்லா ஜோசியரும் ஒத்துக்க மாட்டாங்க, இவர் ஒத்துக்கிறவர். அதைச் சேர்த்து ஓட்டினேன். 72 ஜோடி தப்பிச்சுது, அதுல 24-ஐ வேதை போய்ப் பிடிச்சுது. செத்துப் போச்சுன்னு நினைச்ச விதிக்கு உசுர் வந்துருச்சு! விதிவிலக்கு எல்லை மீறிடாம இருக்கத்தான் வேதையை வச்சாங்களோன்னு எனக்கு ஒரு சம்சயம். ஆக உண்மையிலேயே தப்பிக்கிறது 48 ஜோடி.

அந்த 48-ல ஒண்ணு, பெண் சுவாதி, ஆண் அஸ்தம். ரெண்டும் கண்டம், ஆனா அஸ்தம் ஏறுமுகம், சுவாதி இறங்குமுகம். சுவாதியில இருந்து எண்ணினா அஸ்தம் 26, ஒன்பதால வகுத்தா மீதி 8, தினம் சரி. ரெண்டுமே தேவ கணம். ரெண்டுக்கும் யோனி எருமை (சிரிக்கப்படாது).

எங்க அக்கா சுவாதி.

அன்னிக்கு ராத்திரியே அந்தத் தளத்தைத் திறந்து கடைசி டிக்கை எடுத்தேன். முதல் பக்கத்துலயே ஒரு பையன். அஸ்தம், சின்னாளபட்டி. எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரம். பெரியப்பா கேட்ட படிப்பு, கேட்ட சம்பளம், எல்லாம் இருந்துச்சு. ரெண்டு வருஷமா அங்கயேதான் இருந்திருக்கார், எங்க கண்ணுக்குத்தான் காட்டவே இல்ல. காலையில பெரியப்பா போன் போட்டார். "போன தையிலேயே முடிஞ்சிருச்சுங்களே"ன்னாங்க அந்தம்மா. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க.

என் கோபம் ஜாதகத்து மேல இல்ல. ஜோசியர் ஒரு ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தா, "ரஜ்ஜு தட்டுது"ன்னு காரணம் சொல்லிக் கொடுப்பார். வேணும்னா இன்னொரு ஜோசியரைப் பார்க்கலாம், சண்டை போடலாம். இந்தத் தளம், "உங்களுக்கு 14 வரன்கள்"னு மட்டும் காட்டுச்சு. எத்தனை பேரைத் தள்ளினேன், எந்த டிக்கால தள்ளினேன்னு மூச்சு விடல. தெரியாம இல்ல. எந்த விதி எந்தத் தகவல் மேல பாஞ்சதுன்னு ட்ரூல்ஸ்ல ஒரு லிஸனர் வச்சாலே வரிசையா எழுதிடும். நாங்க ஆபீஸ்ல தணிக்கைக்குன்னு தினமும் எடுக்குறோம். "இந்த ஒரு டிக்கை எடுத்தா இன்னும் இத்தனை பேர் வருவாங்க"ன்னு திரையில ஒரு வரி காட்டுறது ஒரு வார வேலை கூட இல்ல, நானே எழுதித் தருவேன்.

அதோட, டிக் அடிக்கிறவங்களுக்கு "இது கட்டாயமா, இல்ல இருந்தா நல்லதா"ன்னு ஒரு கேள்வி வேணும். அக்காவுக்கு அஞ்சடி ஏழுன்னு போட்டோமே, அஞ்சடி ஆறே முக்காலை வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்பணும்னா பெரியப்பா நினைச்சார்? கேட்டிருந்தா, "அட வரச் சொல்லுப்பா"ன்னு இருப்பார். கேக்கல. சதுரக் கட்டத்துல டிக் விழுந்தா எல்லாமே நாக்கவுட். என்னை மாதிரி ஆளுங்க எழுதுற கோட்தான், நானும் ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுறேன். போன வாரம் மேனேஜர்கிட்ட, நிராகரிச்சா காரணத்தை வாடிக்கையாளருக்கும் காட்டலாமான்னு கேட்டேன். "அடுத்த ரிலீஸ்ல பார்க்கலாம்"னார். அந்த அடுத்த ரிலீஸ் என்னிக்குன்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியும்.

ஊர்ல இருந்து கிளம்புறப்ப பெரியப்பா, "அந்த ஜாதகக் கட்டம் எடுத்தது எடுத்ததா இருக்கட்டும், சம்பளக் கட்டத்தை மட்டும் விட்டு வைடா"ன்னார். அக்கா ஒண்ணும் பேசல. என் கையில இருந்து போனை வாங்கி, ஒவ்வொண்ணா எல்லா டிக்கையும் எடுத்துட்டு, படிப்பை மட்டும் திரும்பப் போட்டுக்கிட்டா.