சிலம்பு கையில் இருக்கிறதா?

தோழர்களே!

பாண்டியன் அவையிலே கண்ணகி வழக்குரைத்த காட்சியை நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். கேட்டு நெஞ்சம் நிமிர்ந்திருக்கிறோம். இன்று அதனை வேறொரு கோணத்தில் எண்ணிப் பாருங்கள். பொற்கொல்லன் சொன்னான்; மன்னன் நம்பினான். "உன் பக்கத்து நியாயம் யாது?" என்று கோவலனைக் கேட்டாரில்லை. தீர்ப்பு முந்திக்கொண்டது, விசாரணை பிந்திவிட்டது. முறையிட வந்த கண்ணகி யாரிடம் வந்தாள்? தண்டனை தந்த அதே மன்னனிடம்! அவள் வென்றது கண்ணீரால் மட்டுமன்று, கையிலிருந்த ஒற்றைச் சிலம்பால். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவையறிய மெய்ப்பித்ததால். பிழையை ஒப்புக்கொண்டு உயிர்விட்ட மன்னன் அங்கே இருந்தான். அத்தகைய மன்னர் எல்லா அவைகளிலும் இருப்பர் என்று நம்பிக் காத்திருக்கலாமா?

இக்கேள்வி பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. மேடவாக்கம் கூட்டுரோட்டிலே காலை வேளையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கழுத்திலே அடையாள அட்டை தொங்க, சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் விரைகிற இளைஞர் கூட்டத்தைக் காண்பீர்கள். வயலாக இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அவற்றின் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் மாதந்தோறும் கட்டவேண்டிய வங்கித் தவணை ஒன்று காத்திருக்கிறது. அந்த இளைஞனை ஒருநாள் ஓர் அறைக்கு அழைக்கிறார்கள். "உன் செயல்திறன் போதாது, ராஜினாமாவில் கையொப்பமிடு" என்கிறார்கள். மாலைக்குள் அடையாள அட்டை பறிபோகிறது. அவன் யாரிடம் முறையிடுவான்? மேலாளரின் மேலாளரிடமா? மனிதவளத் துறையிடமா? தீர்ப்பை எழுதிய கையே மேல்முறையீட்டையும் பிரித்துப் படிக்குமானால், அதற்கு மேல்முறையீடு என்ற பெயர் பொருந்துமா?

நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் ஊழியர்களை வெளியேற்றியபோது இக்கேள்வி சென்னையில் வெடித்தெழுந்தது. கருவுற்றிருந்த பெண் ஊழியர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். 2015 ஜனவரியில் நீதிமன்றம் அவரது பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் நிறுவனமே அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு நீக்கப்பட்ட இன்னொரு ஊழியர் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தின் படியேறினார். "இவர் மேலாளர் நிலையில் இருந்தவர், தொழிலாளி அல்லர்" என்று நிறுவனம் வாதிட்டது. 2022-இல் நீதிமன்றம், அவர் தொழிலாளியே என்று கூறி, நிலுவை ஊதியத்தோடு மீண்டும் பணியில் அமர்த்த ஆணையிட்டது. நீதி கிடைத்தது, ஆனால் அதற்கு ஏழாண்டு ஆயிற்று!

வழக்கு முழுவதும் எந்தச் சொல்லைச் சுற்றிச் சுழன்றது என்பதைக் கவனித்தீர்களா? "தொழிலாளி" என்ற ஒரு சொல்லைச் சுற்றி! நிறுவனம் சூட்டிய பட்டம் என்ன என்று சட்டம் பார்ப்பதில்லை. செய்த வேலை என்ன என்றே பார்க்கிறது. தொழில்நுட்ப வேலை செய்பவரும் தொழிலாளியே. நிர்வாகப் பணி உண்மையாகவே புரிவோரும், குறித்த வரம்புக்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளரும் விலக்கப்படுகின்றனர். மென்பொருள் நிறுவன ஊழியர்களுக்கும் தொழில் தகராறுகள் சட்டம் பொருந்தும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசே 2016-இல் தெளிவுபடுத்தியது. ஆயினும் நம் இளைஞர்களிலே எத்தனை பேர், "நான் தொழிலாளியா?" என்று முகஞ்சுளிக்கிறார்கள்! பட்டத்தை விரும்பி உரிமையைத் தொலைப்பது, நிழலுக்காக மரத்தை விற்பதன்றோ?

அந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு இருந்தாக வேண்டும். நிர்வாகத்தினரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில், 10 பேருக்கு மிகாமல் அமரவேண்டும். குறை எழுந்த ஓராண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். 30 நாளில் விசாரணை முடியவேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் உடன்படாத முடிவு, முடிவே ஆகாது. ஏட்டளவில் நல்ல ஏற்பாடு!

அடுத்த வரியைப் படியுங்கள். குழுவின் முடிவில் நிறைவில்லை என்றால், 60 நாளுக்குள் சமரச அலுவலரிடம் செல்லலாம். ஆனால் தாம் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் வழியாகவே செல்லவேண்டும். சங்கம் இல்லாதவனுக்கு? அந்தக் கதவு திறவாது! பணிநீக்கம் செய்யப்பட்டவர் மட்டும் தாமே சமரச அலுவலரிடம் மனுச் செய்து, 45 நாள் கடந்தபின் நேரே தீர்ப்பாயம் செல்லலாம். அதற்கும் முன்னர் மூன்றாண்டு அவகாசம் இருந்தது, இப்போது இரண்டாண்டே. ஏழாண்டு வழக்காட வேண்டியவனுக்கு வாயிற்படி ஏறும் காலத்தையும் குறைத்திருக்கிறார்கள்!

திறனை மதிப்பிடும் உரிமை நிர்வாகத்துக்கு இல்லை என்று நாம் சொல்லவில்லை. எவரையும் எக்காலத்தும் நீக்கலாகாது என்றும் வாதிடவில்லை. காரணத்தை எழுத்தில் தருக, மறுமொழி கேட்டபின் முடிவெடுக்க, எடுத்த முடிவை வேறொருவர் ஆராய்க என்கிறோம். இம்மூன்றையும் மறுப்பது நிர்வாகமா, எதேச்சாதிகாரமா?

2025 ஜூலையில் அதே பெருநிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆகவே, உங்கள் தெருவில் வாழும் அந்த இளைஞனிடம் சொல்லுங்கள்: அறைக்குள் அழைத்து நீட்டும் ராஜினாமாத் தாளில் அவசரப்பட்டுக் கையொப்பமிடாதே, நீக்குவதானால் அவர்களே எழுதித் தரட்டும். பணி நியமனக் கடிதம், ஊதியச் சீட்டு, ஆண்டு மதிப்பீடு, பாராட்டிய மடல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்து. வாய்ச்சொல்லாக வந்ததை அன்றே தேதியிட்டு எழுதி, மேலாளருக்கே அனுப்பி வை. அதுதான் உன் சிலம்பு!

சிலம்பு மட்டும் போதுமா? கண்ணகி தனியொருத்தியாகச் சென்றாள். நீதி வென்றபோது கோவலன் உயிரோடில்லை. தனியாள் முறையீடு காலங்கடந்தே கனிகிறது. இதனை உணர்ந்துதான் 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டனர். திரு.வி.க. போன்ற தமிழறிஞர்கள் அவர்களுக்குத் துணைநின்றனர். ஆலை வாசலுக்குச் செல்லத் தெரிந்த நாம், அடுக்குமாடியின் படிக்கட்டை இன்னும் ஏறவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். "அவர்கள் வசதியானவர்கள்" என்று ஒதுங்கினோம். வேலை போன மறுமாதம் தவணை கட்ட முடியாதவனின் வசதி எத்தகையது?

தோழர்களே! அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் கதவைத் தட்டுங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: "உங்கள் நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு இருக்கிறதா? அதில் உங்கள் சார்பில் அமர்ந்திருப்பவர் யார்?" விடை தெரியாமல் அவர் விழிக்கும் அந்த நொடியில் நம் பணி தொடங்குகிறது.