முழங்கையை நீட்டிக்கொண்டு காற்றியக்கம் பேசுபவருக்கு

வட்டக் குழாய் ஹாண்டிலோடு இன்னமும் வீதியில் இறங்குகிறவர்கள் எல்லோரும் விஞ்ஞானத்தின் எதிரிகள் என்று ரொறன்ரோவின் வோபர்னில் இருக்கிற நம் நண்பர் ஒரு கட்டுரையில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம். ஞாயிறு காலைகளில் எல்ஸ்மியர் வீதியில் சைக்கிள் மிதிக்கிற எவருக்கும் அவரைத் தெரியும்; மேற்பகுதி சிறகாகத் தட்டையாக்கப்பட்டு, ஸ்டெம்மும் ஹாண்டிலும் ஒரே உடலாக வார்க்கப்பட்ட, ஆயிரம் டொலரைத் தொடும் அந்தக் கார்பன் உருப்படியையும் தெரியும். வாங்கிய பிறகுதான் கட்டுரை எழுதினார் என்பதும் தெரியும். ஆராய்ந்து வாங்குகிறவர்கள் ஒரு வகை. வாங்கிவிட்டு ஆராய்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரின் ஆராய்ச்சி எப்போதும் ஒரே முடிவில் போய் நிற்பது ஏன் என்று வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

முதலில் அவருடைய பிரம்மாஸ்திரத்தைப் பார்ப்போம்: சிறகு ஹாண்டில் 10 வாட் மிச்சப்படுத்துகிறது. எந்த வேகத்தில்? கட்டுரை முழுவதையும் இரண்டு தரம் புரட்டியும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இந்தத் தொழிலில் இப்படியான எண்கள் வழக்கமாக மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்துக்குச் சொல்லப்படுபவை என்பதை அவர் அறியாமலிருக்க முடியாது; அறிந்தும் விட்டாரென்றால் அதை அறியாமை என்று அழைப்பது அறியாமைக்கே அவமானம். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கமாகவும், அதை வெல்ல நாம் செலவிடும் வலு வேகத்தின் கனமாகவும் ஏறும் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியவைக்கக்கூடிய சங்கதி. 45இலிருந்து 30க்கு இறங்கினால் வலு 27இல் 8 பங்காகச் சுருங்கும்; நண்பரின் 10 வாட் 3 வாட் ஆகிவிடும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஒன்றேகால் வாட். மார்க்கம் வீதியில் 102ஆம் இலக்க பஸ் தரிப்புக்குத் தரிப்பு நின்று நின்று போக, அதன் பின்னால் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நிற்கிறாரே, அந்த நேரத்துக்கு எத்தனை வாட் என்று கணக்குப் போட்டாரா? பூச்சியத்தின் கனம் பூச்சியம்தான்.

இந்த இடத்தில் அவருக்கு ஒரு நல்ல வாதம் கைவசம் இருந்தது. பாவம், அது அவர் கண்ணில் படவில்லை. எதிராளியின் வாதத்தையும் நானே எழுதிக்கொடுக்க வேண்டிய நிலை வந்ததற்கு வருந்திக்கொண்டே எழுதிக்கொடுக்கிறேன்: மெதுவாகப் போகிறவன் அதே தூரத்துக்கு அதிக நேரம் வீதியில் இருக்கிறான், ஆகவே மிச்சமாகும் வாட் குறைந்தாலும், மிச்சமாகும் விநாடிகள் குறைவதில்லை, கொஞ்சம் கூடவும் செய்யும். இது மெய்தான். 40 கிலோமீற்றர் தூரத்தை 45இல் போகிறவருக்கு அந்த 10 வாட் அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகத் தரும். 30இல் போகிறவருக்கு 40 விநாடிவரை தரும். சரி, வைத்துக்கொள்ளட்டும். 80 நிமிடப் பயணத்தில் 40 விநாடி! மார்க்கம் வீதியும் எல்ஸ்மியரும் சந்திக்கிற சிவப்பு விளக்கு இதை ஒரே வாயில் விழுங்கிவிட்டு ஏப்பமும் விடாது. அதுவும், அந்த 10 வாட் மெய்யாக இருந்தால். யார் பின்னாலும் ஒதுங்காமல் முழுத் தூரமும் தனியே காற்றை வாங்கியிருந்தால். கை எப்போதும் சிறகின்மேல் படாமல் இருந்திருந்தால். இத்தனை ‘ஆல்’களையும் நிறைவேற்றிய ஞாயிற்றுக்கிழமை ஒன்றை எனக்குக் காட்டட்டும்.

காற்று யாரில் மோதுகிறது என்ற கேள்வியைத்தான் அவர் கவனமாகச் சுற்றிவளைத்துப் போயிருக்கிறார். சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து எதிர்கொள்ளும் காற்றெதிர்ப்பில் முக்கால்வாசியளவு ஓட்டுபவரின் உடம்புக்கே சேரும். எஞ்சிய கால்வாசியைச் சட்டகம், சக்கரம், தண்ணீர்ப் போத்தல், வயர்கள் எல்லாம் பங்கிட்டுக்கொள்ள, ஹாண்டிலுக்கு வந்து சேர்வது எவ்வளவு? இதைத் தெரிந்தவர் முதலில் தொடவேண்டியது முழங்கை. பிரேக் பிடியின் ரப்பர்த் தலையைப் பற்றி, முன்னங்கை நிலத்துக்குச் சமாந்தரமாக வரும்படி முழங்கையை மடித்தால் கிடைக்கிற இலாபம், கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு கீழ் வளைவைப் பிடித்தால்கூடக் கிடைக்காது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை, வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுக்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான். நம் நண்பரோ கட்டுரையோடு போட்டிருக்கும் படத்தில் இரண்டு கைகளும் கம்பிபோல் நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் அத்தனை காற்றுக்கும் மார்பு கொடுத்து நிற்கிறார். அவர் வாங்கிய ஹாண்டிலின் அகலம் 44 சென்ரிமீற்றர்! மாசி மாதத்தில் வாசற்கதவை ஆவெனத் திறந்துவைத்துவிட்டுச் சாவித் துவாரத்தில் பஞ்சடைக்கிற மனிதரை நாங்கள் வேறெங்கே போய்த் தேடுவது?

அகலத்தைப் பற்றி அவரே வாயைத் திறந்திருக்கிறார், ஆகவே அதையும் விட்டுவைக்க முடியாது. சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம், யூ.சி.ஐ., 2026 சனவரி 1 முதல் வீதிப் போட்டிகளில் ஹாண்டில் 400 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று விதி கொண்டுவந்திருக்கிறது. ஆகவே 38 சென்ரிமீற்றர் ஹாண்டில் சட்டவிரோதம், ஆபத்து, முட்டாள்தனம் என்று ஒரே மூச்சில் மூன்று பட்டம் சூட்டுகிறார். விதியை வாசித்தவர் அளவுகோலையும் வாசித்திருக்கலாம். யூ.சி.ஐ. அளப்பது வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை. கடையில் 38 என்று எழுதி விற்கிற ஹாண்டில்கள் பெரும்பாலும் குழாயின் மையத்திலிருந்து மையம்வரை அளக்கப்பட்டவை. குழாயின் தடிப்பு ஏறக்குறைய 24 மில்லிமீற்றர். 380உம் 24உம் 404. அவர் சட்டவிரோதம் என்று சபித்த ஹாண்டில், அவர் தூக்கிப்பிடிக்கும் விதிக்குள் நான்கு மில்லிமீற்றர் இடம் விட்டு வசதியாக உட்கார்ந்திருக்கிறது. கூட்டல் தெரியாதவர் திரவ இயக்கவியல் பேசுவதை நாங்கள் பொறுமையோடு கேட்கவேண்டும் என்கிறாரா?

அந்த விதியின் கதையும் அவர் காட்டுகிற மாதிரி அவ்வளவு நேரானதல்ல. முன்பு இருந்த குறைந்தபட்சம் 350 மில்லிமீற்றர். வீரர்கள் ஹாண்டிலை ஒடுக்கிக்கொண்டே போனது அழகுக்கா? ஒடுங்கினால் தோள் ஒடுங்கும், தோள் ஒடுங்கினால் காற்று விலகும் என்று கண்டுகொண்டதால்தான். பிரேக் பிடிகளின் உள்விளிம்புகளுக்கிடையே 320 மில்லிமீற்றர் வேண்டும் என்று முதலில் அறிவித்த யூ.சி.ஐ., சிறிய உடல்வாகுள்ள வீராங்கனைகளின் தரப்பிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியதும் அதை 280ஆகத் தளர்த்தியது. ஆக, விதியை எழுதியவர்களே பின்வாங்கிய இடத்தில் நம் நண்பர் முன்னேறி நிற்கிறார். தொழில்முறை வீரர்களைப் பாருங்கள், அவர்கள் எல்லோரும் சிறகு ஹாண்டில்தான் பாவிக்கிறார்கள் என்று இரண்டாம் பந்தியில் கும்பிடுகிறவர், அதே வீரர்கள் ஒடுக்கமாகப் பிடித்தது முட்டாள்தனம் என்று ஐந்தாம் பந்தியில் வைகிறார். இரண்டாம் பந்தியை எழுதியவரும் ஐந்தாம் பந்தியை எழுதியவரும் ஒருநாள் எங்காவது சந்தித்துக்கொண்டால் நல்லது.

தட்டையான மேற்பகுதி உள்ளங்கைக்கு இதம் என்ற கூற்றை நான் மறுக்கமாட்டேன், சிலருக்கு அது இதமாகத்தான் இருக்கும். பிறிம்லி வீதியின் தெற்கு முனையில், புளவ்ஸ் கரையிலிருந்து மேலே ஏறுகிற அந்தச் செங்குத்தில் கையை அகலமாக ஊன்றிக்கொள்ள வசதி. ஆனால் கை மேற்பகுதியில் இருக்கிற நேரத்தில் உடம்பு எப்படி இருக்கிறது? நிமிர்ந்து. சிறகு எங்கே இருக்கிறது? உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் கீழே ஒளிந்துகொண்டு. வேகம்? நடக்கிறவரோடு கதைத்துக்கொண்டே போகிற வேகம். இதத்தை அனுபவிக்கிற ஒவ்வொரு விநாடியும் காற்றியக்கம் செத்துக் கிடக்கிற விநாடி. காற்றியக்கம் உயிரோடிருக்கிற விநாடியில் கை அங்கே இல்லை. ஒரே சிறகுக்கு இரண்டு வரவையும் ஒரே நேரத்தில் எழுதுகிற இந்தக் கணக்குப்பிள்ளையை எந்தக் கடையில் வைத்திருப்பார்கள்?

பிறகு வரலாறு. 1989இன் ரூர் து பிரான்ஸ் இல்லாமல் இப்படியொரு கட்டுரை எழுதமுடியாது போலிருக்கிறது. கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீற்றர் தனிநபர் நேர ஓட்டம். 50 விநாடி பின்தங்கியிருந்த கிறெக் லெமொண்ட் லோறன் ஃபின்யோனை 58 விநாடியால் முந்தி, முழுப் போட்டியையும் 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். ஹாண்டில்தான் வென்றது என்கிறார் நண்பர். எந்த ஹாண்டில் ஐயா? லெமொண்ட் பூட்டியிருந்தது முழங்கைகளை ஒன்றுசேர்த்து முன்னே நீட்டிப் படுக்கவைக்கிற இணைப்புக் கம்பி. அது உடம்பின் வடிவத்தை மாற்றியது. எதிரே ஃபின்யோன் தலைக்கவசமும் இல்லாமல் குடுமி பறக்க ஓடினார். இதில் நண்பர் கவனிக்காத வேடிக்கை ஒன்றுண்டு: அந்த மாதிரி இணைப்புக் கம்பியைப் பூட்ட ஹாண்டிலின் நடுப்பகுதி வட்டமாக இருக்கவேண்டும். சிறகு ஹாண்டில்களில் பெரும்பாலானவை அதை ஏற்காது. தன் கட்சிக்காக அவர் கூட்டிவந்த சாட்சி கூண்டில் ஏறியதும் எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்கிறது.

செர்வேலோ வளர்ந்த நகரத்தில் வட்டக் குழாயா என்று ஒரு நகரப் பெருமையும் பேசுகிறார். ஃபில் வைற்றும் ஜெறார்ட் ஃபிரோமனும் 1995இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கி ரொறன்ரோவில் வளர்த்ததும், 2003இலிருந்து சி.எஸ்.சி. அணி அவர்களுடைய சைக்கிள்களில் ஓடியதும், 2008இல் கார்லோஸ் சாஸ்த்ரே அதிலேயே ரூரை வென்றதும் பெருமைக்குரியவைதான். அந்த இரண்டு பொறியியலாளரும் அளந்துவிட்டுப் பேசினார்கள். பேசிவிட்டு அளக்காமல் விடுகிறவர் அவர்களோடு என்ன உறவு கொண்டாடுகிறார்?

ஆனால் என்னை எழுதவைத்தது இவை ஒன்றுமல்ல. நம் ஆட்கள் றலியும் லுமாலாவும் மிதித்து வந்தவர்கள், அவர்களுக்குக் காற்றியக்கம் விளங்காது என்று போகிறபோக்கில் ஒரு வசனம் எழுதியிருக்கிறாரே, அது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடியது: விறகு, மண்ணெண்ணெய், நோயாளி, கலியாணப் பலகாரம், எல்லாம். பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்றை எதிர்த்து ஒருதரம் மிதித்தவனுக்கு நெஞ்சைத் தாழ்த்து, முழங்கையை மடி, முன்னால் போகிறவனின் பின்சில்லோடு ஒட்டிக்கொள் என்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. நேர் ஹாண்டிலை நடுவில், ஸ்டெம்முக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் கிட்டக் கிட்டப் பிடித்துக்கொண்டு குனிந்து போன அந்தப் பெடியங்கள், யூ.சி.ஐ. இன்று பயந்து விதி எழுதுகிற ஒடுக்கத்தை அன்றே கண்டுபிடித்திருந்தார்கள். சோளகம் தெரியாத ஒருவர் அவர்களுக்கு 44 சென்ரிமீற்றரில் பாடம் நடத்துகிறார்.

வயர்களை உள்ளே மறைப்பதைப் பற்றிய பந்தியை வேகமாகக் கடந்துவிடலாம், அதை எழுதியவரும் அப்படித்தான் கடந்திருக்கிறார். பிரேக் ஒயில் குழாய் ஹாண்டிலுக்குள்ளால் புகுந்து ஹெட்செட்டுக்குள்ளால் இறங்குகிற அமைப்புகள் பலவற்றில், ஒரு பெயரிங்கை மாற்றவேண்டுமென்றால் குழாயைக் கழற்றி, ஒயிலை வடித்து, திரும்ப நிரப்பிக் காற்றெடுக்க வேண்டும். இது பனிக்கு உப்புக் கொட்டுகிற ஊர். பங்குனியில் வீதியில் இறங்குகிறவனின் பெயரிங்குக்கு ஆயுள் எவ்வளவு என்று சைக்கிள் திருத்துகிற எவரையும் கேட்டால் சிரிப்பார்கள். ஸ்டெம் ஒரு சென்ரிமீற்றர் நீளமென்று பின்னர் தெரியவந்தால்? ஒரே உடல், முழுவதையும் தூக்கியெறிய வேண்டியதுதான். ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் சைக்கிளுக்கு ஒரு பெல்லும், இருளில் முன்னால் வெள்ளை லைற்றும் கேட்கிறது. வட்டக் குழாய்க்கென்று செய்த பெல் தட்டைச் சிறகில் நிற்காது. அவருடையதில் பெல் இல்லை. மெடோவே பாதையில் பிள்ளை வண்டி தள்ளுகிற தாய்மார்களை அவர் தொண்டையாலேயே எச்சரித்துக்கொண்டு போவதை வோபர்ன் கேட்டுக்கொண்டிருக்கிறது. கார்த்திகையிலிருந்து சித்திரைவரை அதே சைக்கிளை பேஸ்மென்றில் உருளைமேல் பூட்டி மிதிக்கிறார். அங்கே அடிக்கிற ஒரே காற்று மேசைவிசிறியின் காற்று, அதையும் வியர்வை ஆற அவரே காசு கொடுத்து வரவழைத்திருக்கிறார். அந்தக் காற்றையுமா பிளக்கவேண்டும்?

இரண்டு வருடத்துக்கு முன் ஒவ்வொரு கிராமும் உயிர் என்று எழுதியவர் இவரேதான். அப்போது புதிதாக வாங்கியிருந்தது இலேசான சில்லு. அடுத்து என்ன விஞ்ஞானம் வரப்போகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் அவருடைய கடனட்டைக் கணக்கைப் பார்த்தால் போதும். கட்டுரையின் கடைசி வரியில், கழற்றிய பழைய ஹாண்டில் கராஜில் தூசு பிடிக்கிறது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று தருமமும் அறிவித்திருக்கிறார். வட்டக் குழாய், அலுமினியம், 38 சென்ரிமீற்றர். மையத்திலிருந்து மையம்வரை. எனக்கு அளவு சரி. சனிக்கிழமை பின்னேரம் வந்து எடுக்கிறேன், பெல்லைக் கழற்றிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.