ஆறே மணி நேரத்தில் ஒரு கோடை!

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது எந்த மாதம்? கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதம் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது ஜனவரி முதல் வாரம்! அப்போது தூரம் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. நமது பாதை கிட்டத்தட்ட வட்டம் என்பதால், இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை. கோடையும் குளிரும் பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் வருபவை.

எல்லாக் கிரகங்களுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. சப்தரிஷி மண்டலம் இருக்கும் திசையில், சுமார் 200 ஒளியாண்டு தூரத்தில் 'எச்டி 80606 பி' என்றொரு கிரகம் இருக்கிறது. 2001-ல் கண்டுபிடித்தார்கள். வியாழன் போன்ற வாயுக் கோளம்தான்; ஆனால் நிறை அதைப்போல் நான்கு மடங்கு. தன் நட்சத்திரத்தை ஒரு தடவை சுற்றிவர 111 நாள்.

அதன் பாதைதான் விசித்திரம். ரப்பர் பேண்டை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்ததுபோல் அப்படி ஒரு நீளம். ஒரு கோடியில் நட்சத்திரத்திலிருந்து 13 கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கும். மறு கோடியில் வெறும் 45 லட்சம் கிலோமீட்டர்!

2007 நவம்பரில் அது நட்சத்திரத்தை நெருங்கும் சமயம் பார்த்து, நாசாவின் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி சுமார் 30 மணி நேரம் கண்காணித்தது. ஆறே மணி நேரத்தில் வெப்பம் சுமார் 500 டிகிரி செல்சியஸிலிருந்து 1,200 டிகிரிக்கு எகிறியது. அடுப்பை உரசிவிட்டு ஓடுவதுபோல் கிரகம் விலகி ஓட, மறுபடி ஆறத் தொடங்கிவிடும்.

பாதையை இப்படி இழுத்துவிட்டது யார்? அந்த நட்சத்திரத்துக்கு ஒரு ஜோடி உண்டு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு அப்பால் இருக்கிறது. அது பல கோடி ஆண்டுகளாக லேசாக, ஆனால் விடாமல் இழுத்ததன் விளைவுதான் இது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

இது இப்படியே நீடிக்காது. ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் நட்சத்திரத்தின் ஈர்ப்பு கிரகத்தைப் பிசைகிறது. அதில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிப் போக, பாதை மெல்ல மெல்லச் சுருங்குகிறது. வெகுகாலம் கழித்து அது நட்சத்திரத்தை ஒட்டிய சிறு வட்டமாகிவிடலாம். நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் ராட்சத வாயுக் கிரகங்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன என்ற புதிருக்கு இது ஒரு விடை.

நமது சூரியன் ஒற்றை நட்சத்திரம். பக்கத்தில் இருந்து இழுக்க ஜோடி இல்லை. இருந்து, பூமியின் பாதையும் அப்படி நீண்டிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் கடல்நீர் கொதித்திருக்கும்!